புள்ளி முதல்ல, எழுத்து பிறகு

2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் கிடந்தது கொழும்பில இருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கட வெள்ளவத்தை ஃப்ளட்ஸில மூண்டாம் மாடி மாமி அந்த நாட்களிலதான் வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தவ, மகளோட கனடாவில போய் இருக்கப் போறா, அலுமாரி கட்டில் எல்லாம் ஆக்களுக்குக் குடுத்து முடிச்சு கடைசியா சிப் போட்ட ஒரு நீலப் பையைக் கொண்டுவந்து எங்கட வாசலில வச்சிட்டு "பிள்ளை, இது மாமா வேலைக்குச் சேர்ந்த காலத்தில வாங்கினது, வேலை செய்யாது, ஆனா குப்பையில போட மனம் வருதில்லை" எண்டு சொன்னா. திறந்து பாத்தா ஒரு டைப்ரைட்டர், ஒலிவெட்டி லெட்டரா 32, பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம், அவ்வளவு வடிவு.

எனக்கு அப்ப ஒலிவெட்டி எண்டா என்னெண்டே தெரியாது. நான் ஒரு மொழிபெயர்ப்பு ஒஃபிஸில தமிழ் டைப்பிங் செய்யிற ஆள், கொம்பியூட்டரில பாமினி எண்ட தமிழ் ஃபொன்டில நாள் முழுக்க அடிக்கிறனான், அதால கீபோர்ட் எனக்குப் புதுசில்லை. ஆனா இந்த மெஷினில எந்தக் கட்டையை அமத்தினாலும் எழுத்தெல்லாம் வந்து ஒரே இடத்தில அடிபடுது, ரோலர் இருக்கிற மேல்பகுதி, கரியேஜ் எண்டு சொல்லுறது, அது அசையவே இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில கவிட்டு வச்சு கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தன். இடப்பக்கம் ஒரு வட்டக் கூட்டுக்குள்ள ஸ்பிரிங் சுருட்டி இருக்கு, அதில சுத்தியிருக்கிற நூல் ஒண்டு கரியேஜின்ட வலப்பக்க முனையில போய்க் கொழுவ வேணும், அந்த நூல்தான் கரியேஜை ஒவ்வொரு எழுத்துக்கும் இடப்பக்கம் இழுக்கிறது. அது அறுந்து உள்ளுக்க சுருண்டு கிடந்தது. வேற ஒரு பழுதும் இல்லை. ஒரு முழம் நூல் இல்லாமல் போனதுக்காக அந்த மெஷின் எத்தனையோ வருஷம் அலுமாரிக்கு மேல இருந்திருக்கு.

முதல்ல சாதாரண தங்கூசி போட்டுப் பாத்தன், முடிச்சு வழுக்கிக் கழண்டு போகுது. பிறகு மீன்பிடிச் சாமான் விக்கிற கடையில பின்னல் மாதிரி இருக்கிற நூல் வாங்கிப் போட்டன், அது இழுபடவும் இல்லை வழுக்கவும் இல்லை, இண்டைக்கும் அந்த நூல்தான் அதில கிடக்குது. நூலைக் கொழுவ முதல் ஸ்பிரிங் கூட்டை மூண்டு நாலு சுத்து முறுக்கிப் பிடிக்க வேணும், கையை விட்டீங்களெண்டா சரெண்டு அவிழ்ந்து ஸ்பிரிங்கும் போகும் விரலும் வெட்டுப்படும், அதால ரெண்டு பேர் இருந்து செய்யிறது நல்லது, தம்பி டோர்ச் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால கூட்டைப் பிடிச்சவன். கொழுவினதும் கரியேஜைத் தள்ளி விட்டு ஒரு கட்டையை அமத்தினன், டக் எண்டு ஒரு எழுத்து அளவு நகர்ந்தது, வரி முடியப் போகேக்க மணி அடிச்சது. வீடு முழுக்க இருட்டு, கீழ றோட்டில கூட வெளிச்சமில்லை, அந்த மணிச் சத்தம் இப்பவும் காதுக்குள்ள நிக்குது. அடிக்கிறதுக்குப் பேப்பரும் இல்லாத காலம் அது, மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில தவணைப் பரீட்சையையே பேப்பர் இல்லாமல் தள்ளி வச்சவங்கள், நான் பழைய கலண்டர் தாளின்ட பின்பக்கத்திலதான் அடிச்சனான்.

இப்ப என்னட்ட 11 மெஷின் இருக்கு. எல்லாம் கொழும்புக்குள்ள கிடைச்சதுதான், புதுக்கடை நீதிமன்றப் பக்கம் உறுதியும் சத்தியக் கடதாசியும் அடிச்ச ஆக்களிட்ட இருந்து ரெண்டு, பஞ்சிகாவத்தையில வாகனச் சாமான்களுக்கு நடுவில இருந்து ஒண்டு, மிச்சம் வீடு மாறுற ஆக்களிட்ட இருந்து. இங்கிலாந்தில லெஸ்டரில செய்த இம்பீரியல், ஜேர்மன் ஒலிம்பியா, இந்தியாவில செய்த கோத்ரேஜ், இப்பிடிக் கலந்து கிடக்கு. கோத்ரேஜ் கொம்பனி 1955இல தொடங்கி 2009 வரைக்கும் கைமெஷின் செய்தது, அதால அதுக்குப் பழைய சாமான் தேடுறது மற்றதுகளை விட லேசு. லெட்டரா 32 வந்தது 1963இல, அதுக்கு முதல் வந்த லெட்டரா 22 1950இல, ரெண்டையும் வடிவமைச்சவர் மார்செல்லோ நிட்சோலி எண்ட இத்தாலிக்காரர், 22க்கு 1954இல கொம்பாசோ டோரோ எண்ட இத்தாலி வடிவமைப்பு விருதும் கிடைச்சது. கையில எடுத்துப் பாத்தா ஏன் குடுத்தவங்கள் எண்டு விளங்கும், ஒரு இடத்திலயும் தேவையில்லாத மடிப்பு ஒண்டு இல்லை.

பழுது எண்டு என்னட்ட வாற மெஷின்களில முக்கால்வாசி பழுதில்லை, ஊத்தை. இதைத்தான் நான் எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுறன். எழுத்து ஒட்டியிருக்கிற கம்பியெல்லாம் வந்து சேருற அரைவட்ட இரும்பு ஒண்டு இருக்கு, செக்மென்ட் எண்டு சொல்லுறது, அதில ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு மெல்லிய வெட்டு, அந்த வெட்டுக்குள்ள அழிரப்பர் தூளும் தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்து பிசின் மாதிரி இறுகிப் போகும், பிறகு கட்டையை அமத்தினா கம்பி மேல போய்ப் போட்டுத் திரும்பி வராது. அப்ப எல்லாரும் செய்யிற முதல் வேலை எண்ணெய் விடுறது. நானும் ரெண்டாவதாக் கிடைச்ச மெஷினுக்கு அப்பிடித்தான் செய்தன், வீட்டில கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே டின்னை எடுத்து செக்மென்ட் முழுக்க அடிச்சன், ரெண்டு நாள் பறந்து வேலை செய்தது, ஒரு மாதத்தால பாத்தா முந்தினதை விட மோசம். அந்த எண்ணெய் காய்ஞ்சு இன்னும் தூசியைப் பிடிச்சு வச்சிருந்தது. அந்த இடத்துக்கு எண்ணெயே விடக்கூடாது, கழுவிக் காய விட்டா காணும்.

கழுவுறதுக்கு ஹார்ட்வெயார் கடையில விக்கிற மினரல் டேர்பன்டைன் போதும், லைட்டருக்கு விடுற பெட்ரோல் இன்னும் நல்லம் ஆனா விலை கூட. ஜன்னலெல்லாம் திறந்து வச்சு, அடுப்பு விளக்கு ஒண்டும் கிட்ட இல்லாமல், மெஷினுக்குக் கீழ பழைய பேப்பர் விரிச்சு, பழைய பல்லுப் பிரஷால தொட்டுத் தொட்டு ஒவ்வொரு வெட்டுக்குள்ளயும் விட்டு, அந்தந்தக் கட்டையை முப்பது நாப்பது தரம் அமத்த வேணும், கறுப்புத் தண்ணி வழிஞ்சு வரும், நிண்டு நிண்டு வரும், தண்ணி தெளிவா வரும் வரைக்கும் விடக்கூடாது. சில மெஷினுக்கு ஒரு பின்னேரம் போதும், புதுக்கடையில எடுத்த இம்பீரியலுக்கு எனக்கு ஒரு கிழமை பிடிச்சது. மண்ணெண்ணெய் பாவிக்காதேங்கோ, காய்ஞ்சாலும் ஒரு பிசுபிசுப்பை விட்டிட்டுத்தான் போகும். அதே மாதிரி ஸ்பிரிட்டைப் பெயின்டில படவிடாதேங்கோ, கொம்பனிப் பெயர் எழுதியிருக்கிற தங்க எழுத்துகள் அப்பிடியே துணியோட வந்திடும், எனக்கு ஒண்டில முதல் எழுத்துப் போய்விட்டுது, இண்டைக்கும் அந்த மெஷினைப் பாக்கேக்க கவலையாத்தான் இருக்கு. கரியேஜ் ஓடுற தண்டவாளத்துக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, அதையும் துணியில விட்டுத் துடைக்க வேணும்.

கொழும்புக்கு எண்டு ஒரு தனிப் பிரச்சினை இருக்கு, அது கடல். எங்கட வீட்டில இருந்து றெயில் பாதையைக் கடந்தா கடல்தான், அந்தக் காத்தில உப்பும் ஈரமும் சேர்ந்து வரும், ரெண்டு மாதம் திறந்து வச்ச ஸ்பிரிங்கில மண்ணிறமாக் கறள் ஏறிப்போகும். இறுக்கிப் பொலித்தீனால சுத்தி வைக்கிறது இன்னும் பிழை, உள்ளுக்க ஈரம் அடைபட்டு வேர்க்கும். நான் துணியால மூடி, பெட்டிக்குள்ள சப்பாத்துப் பெட்டியில வாற சிலிக்கா ஜெல் பக்கெட்டுகளைச் சேர்த்துப் போட்டு, கிழமைக்கு ஒருக்கா ஒவ்வொண்டிலயும் ரெண்டு வரி அடிக்கிறன். அடிச்சுக்கொண்டிருந்தாத்தான் அதுகள் சுகமா இருக்கும், சும்மா கிடந்தாத்தான் வருத்தம் வாறது.

ரிபனுக்கு ஆக்கள் கூடப் பயப்பிடினம், பயப்பிடத் தேவையில்லை. அநேகமான மெஷினுக்கு ஒரே அகலம், அரை அங்குலம், 13 மில்லிமீற்றர் எண்டு போட்டிருக்கும். கிடைச்ச ரிபனை வாங்கி உங்கட மெஷினோட வந்த பழைய இரும்புச் சில்லிலயே கையால சுத்திக்கொள்ளலாம், அதால பழைய சில்லை மட்டும் எறிஞ்சு போடாதேங்கோ, ஒவ்வொரு கொம்பனிக்கும் சில்லு வேற வேற. ரிபன் முடியிற இடத்துக்குக் கிட்ட ஒரு சின்ன உலோக வளையம் குத்தியிருக்கும், அது வந்து தட்டுப்பட்டாத்தான் சில மெஷினில ரிபன் தானாத் திரும்பி மற்றப் பக்கம் ஓடும், வெட்டி ஒட்டுற ஆக்கள் அந்த வளையத்தை விட்டிடுவினம், பிறகு ரிபன் ஒரு முனையில நிண்டு ஓட்டை விழும். துணி நல்லா இருந்து மை மட்டும் காய்ஞ்சிருந்தா எண்ணெய் கலந்த ஸ்டாம்ப் மை கொஞ்சம் பூசி ஒரு இரவு விட்டா திரும்ப உயிர் வரும், தண்ணி மை சரிவராது, இரும்பில கறள் பிடிக்கும்.

ரோலருக்கு மட்டும் நான் இன்னும் வழி காணேல்லை. அது ரப்பர், ஐம்பது அறுபது வருஷத்தில கல்லு மாதிரி இறுகிடும், எழுத்து விழேக்க சுத்தியலால அடிக்கிற சத்தம் வரும், புள்ளியெல்லாம் பேப்பரைத் துளைச்சுக்கொண்டு போகும். பின்னால இன்னொரு தாளையும் சேர்த்து ரெண்டு தாளா விட்டா சத்தமும் குறையும் எழுத்தின்ட முகமும் தேயாது, இப்போதைக்கு எல்லாத்துக்கும் அதுதான் செய்யிறன்.

பெயின்ட் அடிக்கிற ஆக்களைப் பற்றி ஒண்டு சொல்ல வேணும். ரோஸ், மஞ்சள் எண்டு ஸ்ப்ரே பண்ணி ஹோட்டல் லொபியில அலங்காரத்துக்கு வைக்கினம், அதுக்குள்ள கட்டையெல்லாம் ஒட்டிப்போய் ஒரு எழுத்தும் எழும்பாது. கட்டைகளை வெட்டி எடுத்துக் காதுத்தோடு மோதிரம் செய்து விக்கிறதும் நடக்குது. நான் இதுக்கு எதிர், ஒளிக்காமல் சொல்லுறன். ஒரு மெஷினில சின்ன விரல் பட்டுப் பட்டு ஏ கட்டை மட்டும் தேய்ஞ்சிருக்கும், ஸ்பேஸ் தண்டில பெருவிரல் பட்ட இடம் பளபளக்கும், அது ஒரு ஆளின்ட இருபது வருஷ உழைப்பு, அதுக்கு மேல பெயின்ட் அடிக்க எனக்குக் கை வராது. ஊத்தையை எடுப்பன், தேய்மானத்தை விடுவன்.

புறக்கோட்டையில ஒரு நானா இருக்கிறார், டைப்ரைட்டர் திருத்துறதையே தொழிலாச் செய்தவர், இப்ப கல்குலேட்டரும் காசு எண்ணுற மெஷினும்தான் திருத்துறார், எனக்கு இதில பாதி அவர் காட்டித் தந்தது. "மகள், ஸ்குரூவைக் கழட்ட முதல் அஞ்சு நிமிஷம் சும்மா பாருங்க" எண்டு சொல்லுவார். கழட்டுற ஒவ்வொரு ஸ்குரூவையும் முட்டைத் தட்டில வரிசையாப் போட்டு வைக்கிற பழக்கம் அவரிட்டப் பழகினதுதான், இப்ப ஃபோனில படமும் எடுத்துக்கொள்ளுவன்.

ஆனா அந்த நானாவுக்கும் தெரியாத ஒண்டை எனக்குப் பெரியம்மாதான் சொல்லித் தந்தவ, அதுக்குத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டு வந்தனான். 2024இல கொட்டாஞ்சேனையில ஒரு சின்ன அச்சுக்கூடம் மூடப் போகுது எண்டு கேள்விப்பட்டுப் போனன். மூலையில பேப்பர்க் கட்டுகளுக்குக் கீழ ஒரு பெரிய ரெமிங்டன், ஒஃபிஸ் மெஷின், தூக்க ரெண்டு பேர் வேணும். மேல தூசியை ஊதினா கட்டைகளில தமிழ். ய, ள, ன, க. என்ட விரல் நாள் முழுக்க நிக்கிற அதே வரிசை. பாமினி பாவிக்கிற ஆக்களுக்கு விளங்கும், நாங்கள் தமிழ் எண்டு அடிக்க ஜே, கே, பி, ஓ, செமிகோலன் எண்டு ஆங்கிலக் கட்டையில அமத்திக்கொண்டு போறமே, அந்த வரிசை சும்மா ஒருத்தர் கொம்பியூட்டருக்கு நினைச்சுப் போட்டதில்லை, இந்தப் பழைய தட்டெழுத்து மெஷினில இருந்து வந்தது. பழைய இரும்பு விலைக்குத்தான் தந்தவங்கள், ஓட்டோவில மடியில வச்சுக்கொண்டு வந்தன்.

கழுவித் துடைச்சு எல்லாக் கட்டையும் எழும்ப வச்சிட்டு அம்மா எண்டு அடிச்சுப் பாத்தன். அ வந்தது, ம வந்தது, புள்ளியை அமத்தினன், புள்ளி ம வுக்கு மேல விழாமல் பக்கத்து வெறும் இடத்துக்கு மேல போய் விழுந்தது, கரியேஜும் நகரேல்லை. அடுத்த ம அந்தப் புள்ளிக்குக் கீழ போய் விழுந்தது, பிறகு அரவு. தாளில பாத்தா அ, ம, ம், ா எண்டு நிக்குது. சரி, கரியேஜை ஒவ்வொரு பல்லா விடுற எஸ்கேப்மென்ட்டில பிழை எண்டு நினைச்சு ரெண்டு வார இறுதி அதைக் கழட்டிப் பூட்டினன், பல்லுச் சில்லைக் கழுவினன், ஸ்பிரிங்கை முறுக்கினன், நானாவிட்டப் படம் காட்டினன், அவர் இங்கிலிஷும் சிங்களமும்தான் கூடத் திருத்தினவர், அவருக்கும் பிடிபடேல்லை. புள்ளிக் கட்டைக்கு மட்டும் மெஷின் நகர மாட்டன் எண்டு நிண்டது.

பெரியம்மா எங்களோடதான் இருக்கிறா, 78 வயசு, யாழ்ப்பாணத்தில ஒரு காலத்தில சுருக்கெழுத்துத் தட்டெழுத்து வகுப்பு நடத்தினவ. கண் சரியில்லை, அதால நான் இந்த மெஷினை அவவுக்குக் காட்டவே இல்லை, பெரிசாக் கதைக்கவும் இல்லை. அவ விறாந்தையில இருந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திட்டு மூண்டாம் கிழமை எழும்பி வந்தா.

"என்ன பிள்ளை புள்ளியைப் பிந்திப் போடுறாய்?"

"எழுத்துக்குப் பிறகுதானே பெரியம்மா புள்ளி. மெஷின் பழுது, கரியேஜ் நகருதில்லை."

"உது பழுதில்லை. புள்ளி நகரக்கூடாது. புள்ளியைப் போட்டிட்டு அதுக்குக் கீழ எழுத்தை அடி. நகராவிசை எண்டு சொல்லுறது."

பக்கத்தில கதிரையை இழுத்து இருந்து, கட்டையைப் பாக்காமல், புள்ளி, ம எண்டு அடிச்சா. ம் நேரா நிண்டது. பிறகு நிப்பாட்டாமல் அடிச்சுக்கொண்டே போனா, வகுப்பில பிள்ளைகளுக்குக் குடுத்த பாட வரிகள், யளனக எண்டு தொடங்கிறது, அம்பது வருஷத்துக்கு முந்தி பழகின விரல்.

பிறகு மெஷினைக் கவிட்டுப் பாத்தன். மற்ற எழுத்துக் கம்பியெல்லாம் மேல போகேக்க ஒரு பட்டையைத் தள்ளிக்கொண்டு போகும், அந்தப் பட்டை தள்ளுப்பட்டாத்தான் பல்லுச் சில்லு ஒரு பல்லு விடும், கரியேஜ் நகரும். புள்ளிக் கம்பி மட்டும் அந்தப் பட்டையில முட்டாத மாதிரிச் செய்திருக்கு. நான் ரெண்டு கிழமை பிழை எண்டு தேடினது, ஆரோ ஒருத்தர் யோசிச்சு யோசிச்சுச் செய்த வேலை. 247 எழுத்தை 50க்கும் குறைஞ்ச கட்டைக்குள்ள அடக்கிறது எப்பிடி எண்டு பாருங்கோ, ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டை வச்சா அதுக்கே பதினெட்டுப் போகும், புள்ளியைப் பிரிச்சு எடுத்து, நகராமல் நிப்பாட்டி, எழுத்தைக் கொண்டுவந்து அதுக்குக் கீழ இருத்தினா ஒரே ஒரு கட்டையோட வேலை முடியுது.

தமிழ்த் தட்டெழுத்து மெஷினை உருவாக்கினவர் எங்கட ஊர் ஆள், ஆர். முத்தையா, 1886இல யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போய் வேலை செய்தவர். அவர் அமைச்ச மெஷினை ஜேர்மனியில ட்ரெஸ்டனில இருந்த சைடல் அன்ட் நௌமன் கொம்பனி செய்து குடுத்தது. ஜேர்மன்காரன் இரும்பை வார்க்க, எந்தக் கட்டையில எந்த எழுத்து, எது நகர வேணும் எது நகரக்கூடாது எண்டு ஒரு சுண்டுக்குளி ஆள் இருந்து தீர்மானிச்சிருக்கிறார். இது எனக்குப் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, அந்த வரிசையில பதினைஞ்சு வருஷமாச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவரின்ட பெயர் தெரியாமல் இருந்திருக்கிறன்.

இங்கிலிஷ் மெஷின்கள் தப்பிப் பிழைக்கும், அதுகளுக்கு உலகம் முழுக்க ஆக்கள் இருக்கினம், சாமான் விக்கினம், வீடியோ போடினம். தமிழ் மெஷினுக்கு நாங்கள்தான் இருக்கிறம். வெளிநாடு போற வீடுகளில, மூடுற அச்சுக்கூடங்களில, கோயில் ஒஃபிஸ் ஸ்டோர் ரூமில, நூலகங்களில இன்னும் கிடக்குது, பாரம் கூட எண்டு முதல்ல பழைய இரும்புக்காரருக்குப் போறதும் அதுதான். உங்கட வீட்டில ஒண்டு இருந்தா கட்டை எழும்பேல்லை எண்டு உடனே எறியாதேங்கோ, ஒரு போத்தல் டேர்பன்டைனும் ஒரு பழைய பல்லுப் பிரஷும் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து பாருங்கோ.

எறியத்தான் போறியள் எண்டா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ, எவ்வளவு உடைஞ்சிருந்தாலும் பரவாயில்லை, கொழும்புக்குள்ள எங்கயெண்டாலும் நானே வந்து எடுப்பன். எனக்கு ஒரு ஞ வேணும். என்ட ரெமிங்டனில அந்த எழுத்தின்ட முகம் எதிலயோ அடிபட்டு நசிஞ்சு போயிருக்கு, எழுத்துத் துண்டுகளை ஈயம் வச்சு ஒட்டியிருக்கிறதால வேற ஒரு ரெமிங்டனில இருந்து கழட்டி மாத்தலாம் எண்டு நானா சொல்லுறார், மாத்தித் தரவும் ஓம் எண்டிட்டார். பெரியம்மா அதில டொரொண்டோவில இருக்கிற தங்கச்சிக்கு மாதம் ஒரு கடிதம் அடிக்கிறா. கொஞ்சம், நெஞ்சு, இஞ்சி எண்டு வாற இடங்களில புள்ளியை அடிச்சு, கீழ வெறும் இடம் விட்டு அடுத்த எழுத்துக்குப் போறா. தாளை உருவி எடுத்த பிறகு பூதக்கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாத் தேடி அதுக்குக் கீழ பேனையால ஞ எழுதுறா.